பத்திரத்தில் உள்ள பழைய சொற்கள்: பொருள் தெரிந்து கையெழுத்துப் போடுவோம்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு வாங்கும் அன்று பத்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறோம். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நம் வாழ்நாள் சேமிப்பெல்லாம் அந்த இருபது முப்பது பக்கங்களில்தான் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள சொற்களில் பாதிக்கு நமக்குப் பொருள் தெரியாது. "எல்லாம் டாக்குமெண்ட் ரைட்டர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

நான் வக்கீல் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கடன் பிரிவில் உட்கார்ந்து பத்திரங்களைப் படித்துப் படித்து இந்தச் சொற்களின் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. 'குமாஸ்தா' என்பதே பாரசீகச் சொல்தான். 'நியமிக்கப்பட்டவர், முகவர்' என்று பொருள். ஆகவே என் உத்தியோகப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

இத்தனை பாரசீக, அரபுச் சொற்கள் எப்படி வந்தன?

ஆற்காடு நவாபு காலத்தில் நிர்வாக மொழி பாரசீகம். தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டபோது மராத்தியிலும் கணக்கு எழுதினார்கள். அதன் பிறகு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, வரி வசூல் நின்றுவிடக் கூடாது என்று பழைய சொற்களையே வைத்துக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே இவை புரியாமல், எச்.எச்.வில்சன் என்பவர் 1855-இல் நீதித்துறை, வருவாய்த்துறைச் சொற்களுக்கென்று ஒரு பெரிய அகராதியே போட்டார். பாரசீகம், அரபி, சம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு எல்லாம் அதில் உண்டு. ஆக, நம் பத்திரம் ஒவ்வொன்றும் பல ராஜ்ஜியங்களைப் பார்த்த பத்திரம்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். 'வக்கீல்' அரபுச் சொல். நமக்குப் பதிலாக நிற்கும் பிரதிநிதி என்று பொருள். அந்தப் பிரதிநிதித்துவத்தைக் கொடுக்கும் தாள் 'வக்காலத்து'. 'முன்சீப்' என்றால் நீதி வழங்குபவர். 'பாதி' என்பதற்கான அரபுச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக் கொடுப்பவர்தானே நீதிபதி? 'தாசில்' என்பது வசூல், 'தார்' என்பது வைத்திருப்பவர். ஆகவே தாசில்தார் என்றால் வசூல் அதிகாரி. ஆங்கிலத்தில் கலெக்டர் என்பதும் அதேதான்.

'அமீனா' என்றால் அந்தக் காலத்தில் வீடே நடுங்கும். கோர்ட்டு உத்தரவோடு வந்து ஜப்தி செய்பவர் அவர். ஆனால் 'அமீன்' என்ற அரபுச் சொல்லுக்கு 'நம்பிக்கைக்குரியவர்' என்று பொருள்! 'ஜப்தி' என்பதும் அரபிதான், பிடித்து வைத்தல். 'வாய்தா' என்பதன் மூலப்பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'வாக்குறுதி' என்று பொருள். குறித்த நாளில் வருகிறேன் என்று கொடுத்த வாக்கு, நாளடைவில் வழக்கைத் தள்ளிப்போடும் நாளாக மாறிவிட்டது.

'ஜாமீன்' முதலில் ஓர் ஆளைக் குறித்தது. பொறுப்பேற்றுக்கொள்பவர்தான் ஜாமீன். இப்போது விடுதலைக்கே ஜாமீன் என்கிறோம். இதை 'ஜமீன்' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜமீன் என்றால் பாரசீகத்தில் நிலம். 'கச்சேரி' என்றால் நமக்கு மார்கழி மாதம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தி வழியே வந்த அந்தச் சொல்லுக்கு அலுவலகம், நீதிமன்றம் என்றும் பொருள். நம் தாத்தாக்கள் 'தாலுகா கச்சேரி' என்றுதான் சொல்வார்கள். இலங்கையில் மாவட்டச் செயலகத்தை இன்றும் கச்சேரி என்கிறார்கள்.

'பாக்கி' என்றால் அரபியில் மீதம் இருப்பது. 'வசூல்' என்றால் வந்து சேர்தல். பாக்கி எப்போதும் இருக்கிறது, வசூல்தான் வந்து சேர்வதில்லை என்று நம் பொருளாளர் சொல்வார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லாராய்ச்சியைக் கவனிக்கவும்.

பட்டா, சிட்டா, அடங்கல்

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு.

'பட்டா' சம்ஸ்கிருதத்திலிருந்து இந்தி, மராத்தி வழியாக வந்தது. அரசோ நில உரிமையாளரோ பயிரிடுபவருக்குக் கொடுத்த எழுத்து அது. அதற்குப் பதிலாகக் குடியானவர் எழுதிக் கொடுத்தது 'முச்சலிக்கா'. அது துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். 1865-ஆம் ஆண்டின் சென்னை வாரம் வசூல் சட்டம், இரு தரப்பும் பட்டா முச்சலிக்கா மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. முச்சலிக்கா போய்விட்டது, பட்டா நின்றுவிட்டது.

'சிட்டா' என்பது ஒருவர் பெயரில் எவ்வளவு நிலம், என்ன தீர்வை என்று காட்டும் கணக்குக் குறிப்பு. இதுவும் இந்தி, மராத்தி வழி வந்ததே. 'அடங்கல்' மட்டும் சுத்தமான தமிழ். கிராமத்தின் சர்வே எண்கள், பயிர், அனுபவம் எல்லாம் அதில் அடங்கியிருப்பதால் அடங்கல்.

இந்தக் கணக்குகளை வருடத்துக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் சரிபார்ப்பது 'ஜமாபந்தி'. 'ஜமா' என்றால் மொத்தத் தொகை, 'பந்தி' என்றால் கட்டி முடித்தல். அந்தக் கணக்கு வருடம் 'பசலி'. அரபியில் 'பஸல்' என்றால் பருவம், அறுவடை. நம் பக்கம் பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது. பழைய ரசீதில் பசலி 1400 என்று இருந்தால் 590 கூட்டுங்கள். 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை என்று பொருள்.

'நத்தம்' என்பது ஊரில் மக்கள் குடியிருக்கும் இடம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம் வருகிறது. கிராமத்து மொத்த நிலத்திலிருந்து வரி இல்லாத இடங்களைக் கழிக்கும்போது நத்தத்தையும் கழித்திருக்கிறார்கள். ஆயிரம் வருடமாக அதே சொல்! 'புறம்போக்கு' என்பதும் தமிழே. வரிக் கணக்குக்குப் புறமாக விடப்பட்ட நிலம். குளம், சாலை, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் அதில் வரும். ஊருக்கே பொதுவான நிலத்தின் பெயரை எப்படியோ வசைச்சொல் ஆக்கிவிட்டோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டா என்பது வருவாய்த் துறையின் ஆவணம். யாரிடம் தீர்வை வாங்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. பட்டா கையில் இருப்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் ஒருவரை உரிமையாளர் என்று சொல்லிவிடாது. வாங்கிய பத்திரமும் தாய்ப் பத்திரமும் சேர்ந்து பேச வேண்டும்.

மூலம் என்றாலும் அசல் என்றாலும்

'தாய்ப் பத்திரம்' என்ற சொல்லில்தான் எத்தனை அழகு! இன்றைய பத்திரம் பிறந்தது அதிலிருந்து. அதையே 'மூலப் பத்திரம்' என்றும் சொல்கிறோம். மூலம் என்றால் சம்ஸ்கிருதத்தில் வேர். 'அசல்' என்றால் அரபியிலும் வேர்தான். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள். 'நகல்' என்பது அரபியில் பெயர்த்து எழுதியது.

இந்த அசல் நகல் விவகாரம் புதிதல்ல. பெரிய புராணத்தில் சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். திருமணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, இதோ உன் பாட்டனார் எழுதிய ஓலை" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் என்ன சொல்கிறார்? கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். வழக்காறு, எழுத்து, சாட்சி என்று என்னென்ன ஆதாரம் உண்டு என்று சபையார் கேட்கிறார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை எடுத்து வந்து கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். காசோலைக்குக் கையெழுத்துச் சரிபார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வரும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார் என்றால், அன்றைய சபைகளில் விசாரணை முறையாக நடந்திருக்க வேண்டும்.

'பத்திரம்' என்றால் இலை. ஓலை என்பதும் இலைதானே. "பத்திரமாகப் போய் வா" என்கிறோமே, அது வேறு சொல்; மங்கலம், நலம் என்ற பொருளில் வந்தது. இரண்டும் தமிழில் ஒரே எழுத்தாகிவிட்டன. பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்ல வசதியாகிவிட்டது.

வில்லங்கம் எல்லாம் வில்லங்கம் அல்ல

"அவர் வில்லங்கமான ஆள்" என்று பேச்சில் சொல்கிறோம். பத்திரப் பதிவில் வில்லங்கம் என்றால் சொத்தின் மேல் உள்ள பாத்தியதை, பிடிப்பு. வங்கியில் அடமானம் வைத்திருந்தால் அது வில்லங்கம். குத்தகைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதுவும் வில்லங்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வங்கியில் முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்போம். இப்போது அதைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அது பதிவு செய்யப்பட்டவற்றை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. ஒருவர் இறந்து வாரிசுகளுக்குச் சொத்து இறங்கியிருப்பது வராது. சொத்து வரி பாக்கி வராது. "வில்லங்கம் இல்லை" என்ற தாளைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

'போக்கியம்' என்றால் அனுபவிக்கத் தக்கது. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பார். தமிழில் 'ஒத்தி'. நம் குடியிருப்பிலும் வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வீட்டை விடுபவர்கள் இருக்கலாம். வாங்குபவரும் கொடுப்பவரும் அதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

'பினாமி' என்றால் பாரசீகத்தில் 'பெயர் இல்லாமல்' என்று பொருள். பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. 1988-இல் இதற்கென்று சட்டம் வந்தது, 2016-இல் கடுமையாக்கினார்கள்.

பழைய கிரயப் பத்திரத்தின் நீண்ட வாக்கியம்

'கிரயம்' என்றால் வாங்குதல், 'விக்கிரயம்' என்றால் விற்றல். விற்பவர் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு, வாங்குபவர் பக்கத்துப் பெயரையே வைத்துவிட்டோம்.

பழைய பத்திரங்களில் ஒரு நீண்ட வாக்கியம் வரும். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு. இதை அஷ்டபோகம் என்பார்கள். புதையல், வைத்த பொருள், தண்ணீர், கல், நிலையாக இருப்பது, இனி வரப்போவது, இப்போது விளைந்தது, இனி விளைவிக்கக் கூடியது. மண்ணுக்கு மேலும் கீழும், இன்றும் நாளையும் எதையும் மிச்சம் வைக்காமல் கொடுத்தேன் என்று பொருள். 'சந்திர சூரியர் உள்ளவரை' என்ற தொடரும் வரும். சோழர் கல்வெட்டுகளிலும் இதே கருத்து உண்டு.

இதையெல்லாம் அலங்காரம் என்று தள்ளலாம். ஆனால் அடுத்து வரும் தொடரைத் தள்ளக் கூடாது: 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாக'. தானம் கொடுக்கவும், பரிவர்த்தனை செய்யவும், விற்கவும் உரிமை உண்டு என்று அர்த்தம். முழு உரிமை என்பதன் அடையாளமே இந்த மூன்றும்தான். இதற்குப் பதிலாக 'ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு' என்று எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ். குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், விற்க முடியாது.

வங்கிக்கு ஒரு அம்மா வந்தார்கள். கணவர் எழுதிவைத்த வீடு, மகள் படிப்புக்கு அதன் மேல் கடன் வேண்டும். பத்திரத்தில் அந்த அம்மாவுக்கு ஆயுள் அனுபவம் மட்டும். அவர்களுக்குப் பின் கணவரின் தம்பி பிள்ளைகளுக்கு. பதினொரு வருடமாக வீட்டு வரி கட்டிக்கொண்டு, அது தன் சொந்த வீடு என்றே நினைத்திருந்தார்கள். அந்த வரியை மேலாளர் வாசித்துக் காட்டியபோது, "இத்தனை நாள் இதை யாருமே எனக்குச் சொல்லவில்லையே" என்று மட்டும் கேட்டார்கள். கடன் கிடைக்கவில்லை. ஒரே ஒரு தொடர்!

உயிலா, செட்டில்மெண்டா?

இன்று இங்கு வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். நம் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி இது. ஆகவே இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

'உயில்' என்பதைப் பலர் 'உயிர்' என்பதோடு சேர்த்துத் தமிழ் என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'வில்' என்கிறார்களே, அதைத்தான் நாம் உயில் ஆக்கிக்கொண்டோம். விருப்பம் என்று பொருள். விருப்பம் என்பதாலேயே உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நம் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம் வேண்டும். பதிவு செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

'செட்டில்மெண்ட்', அதாவது தான செட்டில்மெண்ட், அப்படி அல்ல. 'இன்று முதல்' என்று எழுதிப் பதிவு செய்த அன்றே வீடு கைமாறிவிடும். பிறகு மனம் மாறினால் நாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது என்பதே பொது விதி. 'ரத்து' என்றால் அரபியில் திருப்பிவிடுதல். கொடுத்த கையே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சட்டம் அவ்வளவு எளிதாக விடாது.

இங்கேதான் இன்னொரு பழைய சொல் நமக்குத் துணைக்கு வருகிறது: 'ஷரத்து'. அரபியில் நிபந்தனை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, அதன் 23-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

நிபந்தனை இருந்ததா இல்லையா என்பதில்தான் வழக்குகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. "என் பிள்ளையிடம் போய் நிபந்தனை எழுதச் சொல்வதா, மனசு கஷ்டப்படாதா?" என்று கேட்பீர்கள். நல்ல பிள்ளைக்கு அந்த இரண்டு வரி பாரம் இல்லை. அன்பு இருக்கும் இடத்தில் ஷரத்து சும்மா கிடக்கும். அன்பு குறைந்தால் அதுதான் பேசும். 'என் ஆயுள் வரை நானும் என் மனைவியும் மேற்படி வீட்டில் குடியிருக்கும் உரிமையோடு' என்பதையும், பராமரிப்பு நிபந்தனையையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுதியதை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

முடிவாக 'வாரிசு' பற்றி ஒரு வார்த்தை. வாரிசும் 'மிராசு' என்பதும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. வாரிசு என்பவர் ஆள், மிராசு என்பது அவருக்கு வந்து சேரும் பரம்பரைச் சொத்து. இன்று மிராசு என்ற சொல் பேச்சிலிருந்து போய்விட்டது, வாரிசு மட்டும் இருக்கிறார். அவருக்கு நாம் விட்டுச் செல்வது வீடாக இருக்க வேண்டும், வழக்காக இருக்கக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரத்தை வெளியே எடுங்கள். இந்த நான்கையும் பாருங்கள்:

1. உங்கள் பெயர், இனிஷியல், கதவு எண், நமக்குரிய பிரிபடாத பாகத்தின் அளவு ஆகியவை சரியாக இருக்கின்றனவா?
2. 'செக்குபந்தி' என்ற தலைப்பில் உள்ள நான்கு எல்லைகளும் இடத்தோடு பொருந்துகின்றனவா?
3. தாய்ப் பத்திரத்தின் அசலோ நகலோ எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?
4. விற்கவும் தானம் கொடுக்கவும் உரிமை உண்டு என்ற வரி இருக்கிறதா, அல்லது ஆயுள் அனுபவம் மட்டுமா?

புரியாத சொல் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பூங்காவில் நடக்கும்போது என்னைக் கேளுங்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து அகராதியைப் பார்ப்போம்.